டர்பன் திரைப்பட விழாவில் முதல்முறை போகிறவர் எதைப் பார்க்கலாம்?

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஜூலையில் திரைப்பட விழா நடக்கிறதாமே, போகலாமா, போனால் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். ஆனால் இன்னும் நாலு மாதத்தில் எப்படியும் தியேட்டருக்கோ ஓடிடிக்கோ வந்துவிடப் போகிற பெரிய படங்களுக்கு முதலில் டிக்கெட் எடுக்காதீர்கள். உள்ளூர்க் குறும்படங்கள், ஆவணப்படங்கள், இந்த இரண்டுக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருந்தால் மற்றது.

ஏன் என்றால், இந்த விழா தொடங்கியது 1979-ல். யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தத் தியேட்டரில் உட்காரலாம் என்பதைத் தோலின் நிறம் பார்த்துச் சட்டம் முடிவு செய்த காலம் அது. நம்மவர்கள் படம் பார்த்தது கிரே தெருப் பக்கம், அவலான், ஷாஜகான் மாதிரியான தியேட்டர்களில். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பல்கலைக்கழகம் நடத்த ஆரம்பித்து, இன்றுவரை பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையமே எடுத்து நடத்துகிற விழா இது. 2013-ல் தொடக்க நாள் படத்துக்கே தணிக்கை வாரியம் அனுமதி மறுத்துவிட, வந்திருந்தவர்கள் திரையில் படத்துக்குப் பதில் அறிவிப்பைத்தான் பார்த்தார்கள். அப்புறம் மேல்முறையீட்டில் தடை நீங்கி விழா முடிவதற்குள் படம் ஓடியது. வேறெங்கும் பார்க்கக் கிடைக்காததை இங்கே பார்க்கலாம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். இங்கே பரிசு வாங்கும் ஆவணப்படம் ஆஸ்கர் பரிசீலனைக்கே தகுதி பெறுகிறது, அதனால் அந்தப் பிரிவுக்கு வருகிற படங்களின் தரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

குறும்படத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் டர்பனில் இந்தியர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவைக் கூட்டிக்கொண்டு எலிசபெத் ஸ்னெடன் அரங்கத்துக்குப் போயிருந்தேன். ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் மேட்டின்மேல் இருக்கிறது, ஆயாவுக்கு முட்டிவலி வேறு, படியேறவே கால்மணி நேரம் பிடித்தது. அதே மாதிரி இந்தியர் பகுதியான ஃபீனிக்ஸைச் சேர்ந்த பையன் ஒருவன் எடுத்த பத்துப் பதினோரு நிமிடப் படம். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அவனுடைய பாட்டி காவடிக்கு முந்தின நாள் அடுப்படியில் உட்கார்ந்து செவ்வந்திப் பூவைக் கோத்துக்கொண்டே ஏதோ பாடுகிறார், கேமரா அந்த விரல்களை விட்டு நகரவே இல்லை. கீழே ஆங்கில வரி ஓடுகிற இடத்தில் ‘பாட்டி பாடுகிறார்’ என்று மட்டும் இருந்தது. பையனுக்குத் தமிழ் தெரியாது, வீட்டிலும் அர்த்தம் சொல்ல ஆள் இல்லை.

படம் முடிந்து இயக்குநர்களோடு பேச்சு நடந்தபோது ஆயா எழுந்தே நின்றுவிட்டார். “தம்பி, அது தாலாட்டு. மாமன் அடிச்சாரோ, அத்தை அடிச்சாளோன்னு பிள்ளையைக் கேக்கறது. எங்க அம்மாவும் எனக்குப் பாடினது” என்று சொல்ல, நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அரங்கம் அப்படியே அமைதியாகிவிட்டது. பையன் மேடையிலிருந்து இறங்கி வந்து, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று போனில் பதிவு செய்துகொண்டான். 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலியாட்கள் இங்கே வந்ததிலிருந்து எண்ணினால் எத்தனை தலைமுறை, அத்தனையையும் தாண்டி அந்த ஒரு பாட்டு அடுப்படியில் தங்கியிருக்கிறது! எந்தப் பெரிய படத்திலும் நான் அப்படி அழுததில்லை.

அதனால் படம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள், பேச்சு முடியும்வரை இருங்கள், முடிந்தால் கேள்வியும் கேளுங்கள். நகரத்துக்கு வெளியே டவுன்ஷிப்களில், அதாவது அந்தக் காலச் சட்டம் கறுப்பின மக்களை ஒதுக்கிக் குடிவைத்த பகுதிகளில், காட்சி போட்டால் அங்கேயும் ஒரு தடவை போய்ப் பாருங்கள், கூட்டம் திரையோடு சேர்ந்தே பேசும், சிரிக்கும், அது தனி அனுபவம். இடங்கள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் அந்த வருட நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், ராத்திரி மினிபஸ் டாக்சியை நம்ப முடியாது, திரும்பி வர வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.