டிஸ்க் காலியாக இருந்தும் 'இடம் இல்லை' என்கிறதே?

கேள்வி: அச்சகங்களுக்கான பேக்கப் மென்பொருள் எழுதுகிறோம். ஃபோல்டரில் எது மாறினாலும் உடனே நகல் எடுக்க வேண்டும். விண்டோஸிலும் மேக்கிலும் சிக்கல் இல்லை. பாளையங்கோட்டை அச்சகம் ஒன்றின் லினக்ஸ் கணினியில் மட்டும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று நின்றுவிடுகிறது. டிஸ்க் பாதிக்கு மேல் காலி! இரண்டு நொடிக்கு ஒருமுறை முழுவதையும் நாங்களே அலசுவதுதான் வழியா?
- வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: வேண்டாம், அது சிபியுவைத் தின்றுவிடும். தீர்ந்துபோனது டிஸ்க் அல்ல, வாட்ச் (ஒரு ஃபோல்டரில் நடக்கும் மாற்றத்தைச் சொல்லும்படி லினக்ஸில் வைக்கும் கண்காணிப்பு).

ஃபைல் மாற்றத்தை அறிவிக்க ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஒரு வசதி உண்டு. விண்டோஸின் ரீட்டைரக்டரிசேஞ்சஸ்டபிள்யூவும் மேக்கின் எஃப்எஸ்ஈவென்ட்ஸும் ஒரு ஃபோல்டரைச் சொன்னால் அதன் அடிவரை கவனிக்கும். லினக்ஸின் ஐநோட்டிஃபை அப்படியல்ல. ஒவ்வொரு உள்ஃபோல்டருக்கும் தனி வாட்ச் போட வேண்டும். லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் பழைய பதிப்புகளில் ஒரு பயனருக்கு 8,192 வாட்ச்தான். 5.11 பதிப்பு முதல் ராமின் அளவைப் பொறுத்து இந்த வரம்பு கூடுகிறது. 'மேக்ஸ் யூசர் வாட்சஸ்' அமைப்பை 5,24,288 ஆக உயர்த்துங்கள். ஒரு வாட்சுக்குச் சுமார் 1 கேபி கர்னல் நினைவகம் போகும். இந்தப் பிழையை, உங்கள் மென்பொருளில் கண்காணிப்பைச் செய்யும் லைப்ரரி (நிரல் தொகுப்பு) 'வாட்ச் வரம்பு முடிந்தது' என்று பெயர் சொல்லிக் காட்டட்டும். அச்சகக்காரர் ஃபைல்களை அழித்துக்கொண்டிருக்கக் கூடாது.

புதிய ஃபோல்டர் வந்தால் முதலில் வாட்ச், பிறகு உள்ளே இருப்பதைப் பட்டியலிடுங்கள். வரிசை மாறினால் இடையில் விழுந்த ஃபைல் தெரியாமலே போகும்.

இதைவிட முக்கியமானது: எந்த இயங்குதளமும் எல்லாச் செய்தியையும் தரும் என்று உறுதி சொல்வதில்லை. ஐநோட்டிஃபையில் செய்திகள் காத்திருக்கும் வரிசையின் இயல்பான கொள்ளளவு 16,384 செய்திகள். நிரம்பினால் 'ஓவர்ஃப்ளோ' என்று ஒரே செய்தி வரும், மற்றவை போய்விடும். விண்டோஸில் பஃபர் (செய்திகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) நிரம்பினால் அழைப்பு வெற்றி என்றே திரும்பும், ஆனால் பைட் எண்ணிக்கை பூஜ்யம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மேக், உள்ஃபோல்டர்களை மறுபடி அலசச் சொல்லிக் கொடி காட்டும். மூன்றையும் 'மறு அலசல்' என்ற ஒரே நிகழ்வாக லைப்ரரி வெளியிட வேண்டும். அளவு, மாற்ற நேரம் இரண்டையும் பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் விடுபட்டவை பெரும்பாலும் சிக்கிவிடும்.

பல மென்பொருள்கள் தற்காலிக ஃபைலில் எழுதிப் பெயரை மாற்றுவதால், தனி ஃபைல் மேல் வாட்ச் போடாதீர்கள். பெரிய ஃபைல் எழுதி முடியும்வரை காத்திருக்க லினக்ஸில் 'க்ளோஸ் ரைட்' என்ற செய்தி உண்டு. மற்றவற்றில் அரை நொடி அளவு மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபோல்டரைப் பகிரும் முறை) பகிர்வில் வேறு கணினி செய்த மாற்றம் ஐநோட்டிஃபைக்குத் தெரியாது. அந்த ஃபோல்டருக்கு மட்டும் 30 நொடிக்கொரு அலசல் வையுங்கள்.