தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் பெட்டியைச் செய்வதில் ஏதாவது அர்த்தம் உண்டா?

"சுவிட்சைப் போட்டால் உள்ளிருந்து ஒரு கை வந்து அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போய்விடும் பெட்டி ஒன்றைச் செய்ய ஆசை. வீட்டில் 'உருப்படியா ஏதாவது செய்' என்கிறார்கள். இதைச் செய்வதில் அர்த்தம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் கையில் இருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ படிப்பவராக இருக்க வேண்டும். அந்த 'உருப்படியா' என்ற சொல் எங்கள் வீட்டிலும் ஒருமுறை வந்து விழுந்தது. இன்னும் ஆறவில்லை.

நான் இன்ஜினியர் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1994 முதல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டிவி, மிக்ஸி, இன்வெர்ட்டர் என்று வருவதையெல்லாம் பழுது பார்க்கிறேன். அந்தப் பெட்டியை என் மகளோடு உட்கார்ந்து செய்தவன் என்ற உரிமையில்தான் பேசுகிறேன்.

அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றார்கள். யூடியூபில் இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "அப்பா, இதுக்குள்ள சிப் ஏதாவது இருக்குமா?" என்று கேட்டாள். நானும் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். சிப்பும் இல்லை, புரோகிராமும் இல்லை. ஒரு மோட்டார், குமிழைத் தள்ளிப் போடுகிற ஒரு டாகிள் சுவிட்ச், லேசாக அழுத்தினாலே வேலை செய்கிற ஒரு குட்டி மைக்ரோ சுவிட்ச், பேட்டரி. அவ்வளவுதான். அன்று இரவே கடை மேசையில் ஆரம்பித்துவிட்டோம்.

பெட்டிக்குப் பலகை வெளியில் வாங்கவில்லை. என் மனைவிக்குப் பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது மாமனார் தோப்பில் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதில் ஒன்றை அறுத்து எங்களுக்குக் கொடுத்த பலகை பரணில் கிடந்தது. மேலே கறுத்திருந்தாலும் இழைப்புளி போட்டதும் உள்ளே மஞ்சள் அப்படியே இருந்தது. பாப்பா சீவலை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மோட்டாருக்குப் பழைய டிவிடி பிளேயர் ஒன்றைப் பிரித்து, தட்டை வெளியே தள்ளும் மோட்டாரை எடுத்தேன். அது சரிவரவில்லை. தட்டைத் தள்ளும் அளவுக்குத்தான் அதற்குப் பலம். டாகிள் சுவிட்சின் ஸ்பிரிங்கை மடக்க முடியாமல் கை பாதியில் நின்று, மோட்டார் சூடேறியது. பிறகு பிள்ளைகள் ரோபோ வண்டிக்குப் போடுவார்களே, மஞ்சள் நிற பி.ஓ. கியர் மோட்டார், அதை வாங்கிப் போட்டோம். அதற்கும் கொஞ்சம் திணறல் இருந்தது. பாப்பா ஒரு காலி பால்பாயின்ட் பேனாவின் குழாயைத் துண்டு போட்டு டாகிளின் குமிழ் மேல் செருகினாள். நெம்புகோல் நீண்டதும் கை சுலபமாகத் தள்ளிவிட்டது. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிப் பாடத்தில் நெம்புகோல் வந்ததாம், அவளே செய்தாள்.

இதன் சூட்சுமம் டாகிளில்தான் இருக்கிறது. டி.பி.டி.டி. என்று கேட்டு வாங்க வேண்டும், பின்பக்கம் ஆறு கால் இருக்கும். பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டையும் நடுக் கால்களில் கொடுத்து, ஓரத்துக் கால்களைக் குறுக்காக இணைத்து மோட்டாருக்குக் கொண்டு போனால், குமிழை ஒரு பக்கம் தள்ளும்போது மோட்டார் முன்னால் சுற்றும், மறுபக்கம் தள்ளும்போது பின்னால் சுற்றும். ஆக, கை சுவிட்சை 'அணைக்கவில்லை'. மோட்டாரின் திசையை மாற்றிவிடுகிறது, திசை மாறியதால் தானே உள்ளே போகிறது. போய் அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்சை அழுத்தியதும் மின்சாரம் நிற்கிறது. அந்த மைக்ரோ சுவிட்ச், திரும்பி வரும் பாதையின் ஒயரில் மட்டும் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது பேட்டரியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரமும் போகாது.

மைக்ரோ சுவிட்சில் நான்தான் தப்பு செய்தேன். தூக்கக் கலக்கத்தில், அழுத்தினால் இணைப்பு அறுகிற என்.சி. காலுக்குப் பதிலாக, அழுத்தினால் இணைப்பு சேர்கிற என்.ஓ. காலில் சால்டர் வைத்துவிட்டேன். பேட்டரி போட்டதும் கை உள்ளே இருந்தபடியே மோட்டார் முனக ஆரம்பித்தது. குமிழைத் தட்டினால் கை வந்து அதைத் தள்ளியது, பிறகு மூடியைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டது. நான் மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். அவள் விரலை உள்ளே விட்டு மைக்ரோ சுவிட்சை அழுத்தினாள். கை சட்டென்று திரும்பியது. "அழுத்தினா ஓடுதுப்பா, அழுத்தினா நிக்கணும்ல?" என்றாள். இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பழுதைக் கண்டுபிடித்தது அவள். அந்த நிமிஷத்துக்காகவே இன்னும் பத்துப் பெட்டி செய்யலாம்.

கண்காட்சிக்கு முன்னால் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வகுப்பு, தலைப்பு, தத்துவம் எல்லாம் எழுதிவிட்டாள். கடைசியில் 'இதனால் சமுதாயத்திற்கு ஏற்படும் பயன்கள்' என்று ஐந்து வரி விட்டிருந்தது. என்னைக் கேட்டாள். ஏதாவது எழுது, மின் சிக்கனம் என்று போடு என்றேன். "அது பொய்யாச்சே" என்று சொல்லிவிட்டு, முதல் வரியில் 'பயன் இல்லை. துருவங்களை மாற்றினால் மோட்டாரின் திசை மாறும் என்பதைக் காட்டுகிறது' என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் பெட்டி மேசையிலிருந்து எடுக்கப்பட்டு, அவளைத் தெர்மாகோலில் செய்த மழைநீர் சேகரிப்பு மாதிரியின் பக்கத்தில் நாலாவது ஆளாக நிறுத்திவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன். "சார், பார்க்க வர்றவங்க முன்னாடி பயன் இல்லைன்னு எப்படி வைக்கிறது? உருப்படியா ஒண்ணு செஞ்சு அனுப்புங்க" என்றார் அந்த டீச்சர். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு மேலே யார் என்ன கேட்பார்களோ என்ற பயம் இருந்திருக்கும். மழைநீர் சேகரிப்பும் நல்ல விஷயம்தான், அதிலும் கடலூர் மாதிரி வெள்ளமும் தண்ணீர்க் கஷ்டமும் மாறி மாறிப் பார்க்கும் ஊரில். ஆனால் உண்மையை எழுதிய பிள்ளையை ஓரம் கட்டினார்கள் என்பதும் நடந்ததுதான். அன்று வண்டியில் திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கெடிலம் பாலம் தாண்டும் வரை அவள் பேசவே இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம். 1952-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் மார்வின் மின்ஸ்கிக்கு இந்த யோசனை வந்தது. பின்னாளில் செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் அவர். அதைச் செய்து தன் மேசை மேல் வைத்துக்கொண்டவர் கிளாட் ஷானன். சுவிட்சுகளையும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேக்களையும் கொண்டு தர்க்கக் கணக்குப் போடலாம் என்று 1937-லேயே மாணவராக இருந்து எழுதிக் காட்டியவர். இன்றைய கம்ப்யூட்டர் சர்க்யூட் எல்லாவற்றுக்கும் அடியில் அந்த எண்ணம் இருக்கிறது. 1948-இல் செய்தியை பிட் கணக்கில் அளக்கும் கோட்பாட்டைத் தந்தவரும் அவர்தான். என் கடையில் தினமும் மாற்றுகிற டிரான்சிஸ்டர் பிறந்ததும் அதே பெல் லேப்ஸில், 1947-இல். அப்படிப்பட்ட ஆள் உட்கார்ந்து, தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் பெட்டி செய்திருக்கிறார். ரோமன் எண்ணில் கணக்குப் போடும் இயந்திரமும் செய்திருக்கிறார். இதைச் சொன்னால், "அவர் ஷானன், நீங்க யாரு?" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். அவரோடு எங்களை ஒப்பிடவில்லை. அவர் வீட்டில் யாரும் உருப்படியான வேலை பார் என்று மேசையைக் காலி செய்யவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

மின்கழிவு, காசு விரயம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாகிள், மோட்டார், மைக்ரோ சுவிட்ச் மூன்றும்தான் புதிது. மற்றதெல்லாம் கடையிலும் பரணிலும் கிடந்தது.

பயன் என்ற பேச்சு வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். என் கடைக்கு வருபவரிடம் "போர்டு போயிடுச்சு, 2,500 ஆகும்" என்றால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுப்பார். அதே போர்டை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆராய்ந்து, ஒரே ஒரு கெப்பாசிட்டரை மாற்றி 300 கேட்டால், "பத்து ரூபாய் சாமானுக்கு முன்னூறா?" என்பார். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் செட்டுகளில் உப்புக் காற்று பட்டு செம்புத் தடமெல்லாம் பச்சை பூத்திருக்கும். தின்னர் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, அறுந்த தடத்துக்கு ஒவ்வொன்றாக ஒயர் போட வேண்டும். அந்த உழைப்புக்குப் பில்லில் எழுத ஒரு பெயர் கிடையாது. முன்பெல்லாம் டிவியோடு சர்க்யூட் படம் வரும், இப்போது அதுவும் இல்லை, இருட்டில் தடவுகிற மாதிரி. கையில் எடுத்துக்கொண்டு போகிற சாமானுக்குத்தான் விலை, கண்டுபிடிப்பதற்கு இல்லை என்று ஆகிவிட்டது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் ரொம்ப நாளாக மனதில் இருப்பது.

சரி, உங்கள் விஷயம். செய்யுங்கள். என் மகள் இப்போது புதுச்சேரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். பெட்டி கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. செட்டு வாங்க வரும் பெரியவர்கள்கூட ஒரு தட்டு தட்டிவிட்டு, கை வந்து போவதைப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டுவார்கள். போன மாதம் மைக்ரோ சுவிட்ச் துருப்பிடித்து நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தவள் பையைக்கூட இறக்காமல் அதை மாற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

டாகிள் வாங்கும்போது மட்டும் ஆன்லைனில் வாங்காதீர்கள். கடைக்குப் போய், ஆறு கால் உள்ளதை எடுத்து, சுண்டுவிரலால் தள்ளிப் பாருங்கள். சுண்டுவிரலுக்கு மடங்கவில்லை என்றால் மோட்டாருக்கும் மடங்காது, வேறு கேளுங்கள்.