120 பல்லா, 20 ஆளா?

கேள்வி: ஈறு நோய்க்கான ஒரு ஜெல்லை வைத்துப் பல் மருத்துவத்தில் பிஎச்.டி. செய்கிறேன். 20 நோயாளிகள், ஆளுக்கு 6 பல் என 120 பற்களில் ஈறுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கின்) ஆழத்தை அளந்திருக்கிறேன். பாதிப் பேருக்கு ஜெல், மீதிப் பேருக்கு வெறும் களிம்பு. மாதிரி எண்ணிக்கை 120 என்று எழுதினால் நெறியாளர் 20 என்று அடித்துத் திருத்துகிறார். யார் சொல்வது சரி?

பதில்: நியாயம் நெறியாளர் பக்கம்தான். அதற்காக மீதி 100 பல்லும் வீண் என்று அவர் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரே வாயில் இருக்கும் 6 பல்லுக்கும் எச்சில் ஒன்று, துலக்கும் கை ஒன்று. புகைப்பழக்கமோ சர்க்கரை நோயோ இருந்தால் அதுவும் எல்லாவற்றுக்கும் பொது. ஒரு பல்லைப் பார்த்தாலே பக்கத்துப் பல்லின் நிலையைக் கொஞ்சம் ஊகித்துவிடலாம். அப்புறம் அந்தப் பக்கத்துப் பல் எப்படி முழுப் புதுத் தகவல் ஆகும்?

கணக்கே போட்டுவிடலாம். ஒரே வாய்ப் பற்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண்ணான ஒட்டுறவு 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள் (முழுக்க ஒத்துப்போனால் 1). ஒரு பல்லோடு கூட இருக்கும் மற்ற 5 பல்லுக்கும் சேர்த்து 1 + (5 × 0.3) = 2.5. 120-ஐ இதால் வகுத்தால் 48. ஆளுக்கு ஒரு பல் வீதம் 48 பேரிடம் அளந்த பலம் உங்கள் கையில் இருக்கிறது. ஒட்டுறவு கூடக் கூட இது 20-ஐ நோக்கி இறங்கும். நோயாளியைத் தனி அடுக்காக வைக்கும் பலநிலைப் பகுப்பாய்வைச் செய்துவிட்டால் 20 நோயாளிகள், 120 பற்கள் என்று இரண்டு எண்ணையும் ஆய்வேட்டில் தைரியமாக எழுதலாம்.

நான் தாவரச் சூழலியல் ஆள். இந்த வம்பு எங்களுக்குப் பழசு. எரிந்த காடு ஒன்று, எரியாத காடு ஒன்று, இரண்டிலும் 50 சதுரச் சட்டங்கள் போட்டுச் செடிகளை எண்ணிவிட்டு மாதிரி 100 என்பார்கள். உண்மையில் ஒப்பிட்டது ஒரே ஒரு காட்டை இன்னொரு காட்டோடு. 1984-இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 176 சூழலியல் சோதனைகளைத் தோண்டிப் பார்த்து, 27 சதவீதத்தில் இந்தக் கோளாறு இருப்பதாக எழுதினார். பலருக்கு அன்று தூக்கம் போயிருக்கும்.

கேள்வி: ஆளுக்கு ஆள் வேறுபாடே வராமல், ஒரே வாயில் வலப்பக்கம் ஜெல், இடப்பக்கம் வெறும் களிம்பு என்று வைத்தால்?

பதில்: நல்ல முறை, குறைந்த ஆட்களே போதும். ஆனால் எச்சில் எல்லை பார்த்து ஓடாது. மருந்து கரைந்து மறுபக்கம் போனால் இரு பக்கமும் தேறிவிடும், ஜெல்லுக்குப் பலனில்லை என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். வாய் கொப்பளிக்கும் மருந்துக்கு இந்த முறையை நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: மருத்துவத்தில் ஆய்வு செய்கிறேன். என் மருந்துச் சோதனையை முடிவு தெரிந்த பிறகு பதிவு செய்யலாமா?

பதில்: கூடாது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன. எதை, எந்த வாரத்தில் அளக்கப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் பிடித்த முடிவைப் பொறுக்கி எடுத்தீர்களோ என்று தேர்வாளர் கேட்பார். அந்தக் கேள்விக்கு வாய்மொழித் தேர்வில் பதில் தேடுவது சிரமம்.