டன் சொன்னால் போதுமா? லாரி கிரேன் கேள்வி-பதில்

10 டன் லாரி கிரேன் வாங்கினேன். 3 டன் ஜெனரேட்டரைத் தூக்கவே மாட்டேன் என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (ஓசூர்)

எத்தனை மீட்டரில் தூக்கினீர்கள்? அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. அந்த 10 டன் என்பது இரண்டரை மீட்டர் வாக்கில் கிடைப்பது. 8 மீட்டருக்கு நீட்டினால் கணக்குப்படி 3 டன். பூமின் (சுமையைத் தூக்கும் நீளக் கை) சொந்த எடையைக் கழித்தால் இரண்டு, இரண்டரைதான் மிஞ்சும். ஹூக், பெல்ட் எடையும் அதிலேயே அடக்கம். தூரத்தை லாரியின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள், பூம் சுழலும் மையத்திலிருந்து அளக்க வேண்டும். எத்தனை மீட்டரில் எத்தனை டன் தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டைப் படியுங்கள்.

சுமையைக் கட்டித் தூக்கும் பச்சை பெல்ட் எத்தனை டன் தாங்கும்? (ஈரோடு)

2 டன். மஞ்சள் 3, சிவப்பு 5. நேராகத் தொங்கினால் மட்டும். சுருக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். லேபிள் கிழிந்த பெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

மழை பெய்த மனையில் ஹாலோ பிளாக் வைத்துத்தான் அவுட்ரிகரை (லாரி சாயாமல் தாங்கும் கால்களை) இறக்கினோம். ஒரு பக்கம் புதைந்துவிட்டது. ஏன்? (தாம்பரம்)

ஹாலோ பிளாக்கா! மரக்கட்டை உடையுமுன் முனகும். ஹாலோ பிளாக் சத்தமே இல்லாமல் நொறுங்கும். கணக்கைப் பாருங்கள்: ஒரு காலில் 8 டன் இறங்கினால், 30 செ.மீ. சதுரத் தட்டின் கீழ் சதுர மீட்டருக்கு 90 டன் அழுத்தம். மழையில் ஊறிய நிரப்பு மண் 10 டன் தாங்கினாலே பெரிது. அதனால் ஒவ்வொரு காலுக்கும் 1 மீட்டர் சதுரத்துக்குக் குறையாமல் கட்டை வேண்டும். 4 அங்குலக் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கி, மேல் வரிசையைக் குறுக்கே போட்டு, தட்டை நட்டநடுவில் உட்காரவையுங்கள்.

"மற்ற மூன்று கால் அசையவில்லையே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பூம் எந்தக் காலின் மேல் திரும்புகிறதோ அந்தக் காலுக்குத்தான் பாரம் போகும். சுமையோடு சுற்றும்போது அதுவும் கால் மாறும். செப்டிக் டேங்க் மூடி, புதிதாக மூடிய குழாய்ப் பள்ளம் இவற்றின் மேல் காலை வைக்கவே கூடாது. பள்ளத்தின் விளிம்பிலிருந்து அதன் ஆழத்தளவாவது தள்ளி நிறுத்துங்கள். கால்களை முழுக்க இழுக்க இடமில்லையென்றால், முழு நீட்டத்துக்கான சார்ட் உங்களுக்குச் செல்லாது. முதலில் சுமையை 15 செ.மீ. மட்டும் தூக்கி நிறுத்தி, நான்கு தட்டுகளையும் பாருங்கள்.

சுமையைப் பிடித்து நிறுத்தினால் பூம் மெல்ல இறங்குகிறது. (சேலம்)

எத்தனை டன், எத்தனை மீட்டரில் என்று நீங்களும் எழுதவில்லை. இந்தக் கோளாறுக்கு அது தேவையில்லை, தப்பித்தீர்கள். பூமைத் தாங்கும் சிலிண்டரின் ஹோல்டிங் வால்வில் (எண்ணெய் வெளியேறாமல் பிடித்து வைப்பது) தூசி உட்கார்ந்திருக்கும், இல்லையேல் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கும். சரிசெய்யும்வரை தூக்காதீர்கள். அந்த வால்வின் ஸ்க்ரூவை நீங்களாகத் திருகவும் வேண்டாம்.

11 கே.வி. லைன் பக்கத்தில் வேலை. டயர் ரப்பர்தானே, மின்சாரம் பாயாதே? (திருச்சி)

அவுட்ரிகர் இரும்பு, அது நிற்பது தரையில். பூமோ ரோப்போ சுமையோ 3 மீட்டருக்குள் வரக்கூடாது; நான் 5 சொல்வேன். முடியாதென்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

பி.டி.ஓ. (இன்ஜின் விசையை கிரேன் பம்புக்குக் கொடுக்கும் இணைப்பு) போட்டபடியே லாரியை ஓட்டலாமா? (கரூர்)

கூடாது. பம்ப் வெந்துவிடும்.