நாயகியை முதல் பகுதிக்கே கொண்டுவாருங்கள்

வணக்கம். உங்கள் அறுநூறு பக்க மாயக் கதையை ஆறு பகுதித் திரைத்தொடராக எழுதும்போது, மந்திர உலகின் பழைய வரலாறே முதல் பகுதியை விழுங்கிவிடுகிறது, நாயகி மூன்றாம் பகுதியில்தான் வருகிறாள் என்றும், போர்க்காட்சிகளின் செலவு கவலை தருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நாவலில் அந்தத் தாமதம் அழகு. திரையில் தாங்காது.

சூசன்னா கிளார்க்கின் ‘ஜோனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரல்’ நாவலை (2004) பிபிசி 2015இல் ஏழு பகுதிகளாக எடுத்தது. ஸ்ட்ரேஞ்ச், நாரல் என்ற இரு மந்திரவாதிகளின் கதை அது. அந்தத் தொடரை அவசியம் பாருங்கள். நாவலின் முதல் பாகம் பெரும்பாலும் நாரலுக்கே உரியது. ஸ்ட்ரேஞ்ச் நன்றாகத் தள்ளித்தான் வருகிறார். திரைக்கதை எழுதிய பீட்டர் ஹார்னெஸ் தொடரின் முதல் பகுதியிலேயே இருவரையும் மாற்றி மாற்றிக் காட்டிவிட்டார். மந்திர நூல்களை யாருக்கும் தராமல் பதுக்கி வைத்திருக்கும் முதியவர் ஒருபுறம், என்ன தொழில் செய்வதென்றே தெரியாத இளைஞர் மறுபுறம். அவர்கள் சந்திக்கும் முன்பே அந்தச் சந்திப்புக்காக நாம் ஏங்கத் தொடங்குகிறோம்!

வரலாற்றுச் சிக்கலுக்கும் அங்கே விடை இருக்கிறது. நாவலில் மந்திரத்தின் பழைய வரலாறு நீண்ட நீண்ட அடிக்குறிப்புகளாக வருகிறது. தொடர் அவற்றில் பெரும்பகுதியை விட்டுவிட்டது. இங்கிலாந்தின் யார்க் பேராலயத்தில் உள்ள கற்சிலைகள் பேசத் தொடங்கும் காட்சியை நம் கண்முன் நிறுத்தியது. மறைந்துபோயிருந்த மந்திரம் திரும்பிவிட்டது என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

ஆகவே நாயகியை முதல் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவாருங்கள். வரலாற்றில் அவளுடைய முடிவை மாற்றக்கூடிய செய்தி எதுவோ அதை மட்டும் வையுங்கள், அதுவும் அவளுக்குத் தேவைப்படும் கணத்தில். போர்க்காட்சிகளின் செலவைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அது தயாரிப்பாளரின் கணக்கு. முதல் பகுதியைத் திருத்தியபின் இங்கே பதிவிடுங்கள், ஆவலுடன் படிக்கிறேன்.