1877 பஞ்சகாலச் சென்னையை வைத்து நாவல் எழுதுகிறேன். நிறவெறியும் சாதியும் பிரசங்கமாகிவிடாமல் எப்படி எழுதுவது?

தராசிலிருந்து தொடங்குங்கள். 1877 ஜனவரியில் பஞ்ச நிவாரண வேலைக்கு, இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வைத்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு சுமார் 450 கிராம். அன்றைய வீசையில் (சுமார் 1,400 கிராம்) மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த எட்டு கிலோமீட்டர் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி (இன்று பறக்கும் ரயில் தூண்கள் நிற்கிறதே, அதேதான்) அந்தப் பஞ்சத்தில் வெட்டியது. உங்கள் ஆள் முதல் நாள் மண்கூடையைத் தானே தலைக்கு ஏற்றட்டும். பத்தாம் நாள் இன்னொருவர் கைகொடுத்தால்தான் ஏறும். அந்த இடத்தில் துரையைத் திட்டி ஒரு வசனம்கூட வேண்டாம்.

ஒன்றரை பவுண்டாவது கொடுக்க வேண்டும் என்று டெம்பிளோடு மல்லுக்கு நின்ற சென்னை சுகாதார ஆணையர் கார்னிஷும் வெள்ளைக்காரர்தான். மார்ச்சில் கூலி கொஞ்சம் ஏறியது. இந்தச் சண்டையை மட்டுமே வைத்து நாலு அத்தியாயம் ஓட்டலாம். ஆனால் கீழே படியளக்கும் மேஸ்திரி நம்மூர்க்காரன். யாரை வரிசையின் கடைசிக்குத் தள்ளுகிறான், யாருக்கு எட்ட நின்று கொட்டுகிறான் என்பதை விட்டுவிட்டால் கதை பாதிப் பொய்.

பலரும் சறுக்குவது சொற்களில். 1877இல் ஒருவன் "நான் தலித்" என்று பேசினால் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசாணையில் ஏறியதே 1922இல்தான். நடுவில் 1893இல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் ரெட்டமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாக எறியப்பட்ட சொல்லைத் தலைப்பில் தூக்கி வைத்த அந்த மிடுக்கு, என் கணக்கில், பத்துப் புரட்சி வசனத்துக்குச் சமம். ஜார்ஜ் டவுன் என்றும் எழுதாதீர்கள், அப்போது அது கறுப்பர் பட்டணம். மின்சார டிராம் 1895இல்தான் வந்தது.

மாற்றத்தைக் கடைசி அத்தியாயத்தில் அவசரமாகத் திணிக்காமல் பேரன் காலத்துக்குத் தள்ளுங்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கிறது. வெள்ளை முதலாளியை எதிர்த்து எல்லோரும் ஒன்றாக நிற்கப்போகிறார்கள் என்று தோன்றும். வெள்ளையர் நடத்திய பின்னி துணி ஆலையில் 1921 வேலைநிறுத்தம் சாதி வழியே பிளந்தது. ஆதிதிராவிடர் பலர் வேலைக்குப் போக, மற்றவர்கள் வெளியே நின்றார்கள். ஆலையை ஒட்டிய புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அன்று உங்கள் பேரன் ஆலைக்குள் இருந்தானா, வெளியே நின்றானா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு தாத்தாவின் மண்கூடைக்கு வாருங்கள்.