துருக்கி முதலாளிகள் எங்கிருந்து வந்தார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

துருக்கி பற்றிய உங்கள் கட்டுரையில், குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் அத்தாத்துர்க்கின் பொருளாதாரச் சாதனையைக் குறைத்துச் சொல்லிவிட்டீர்கள் என்று தோன்றியது. தேங்கிக் கிடந்த நிலப்பிரபுத்துவ ஒட்டோமன் பேரரசை ஒழித்து, 1923இல் முதலாளித்துவத்தைத் தொடங்கி வைத்தவர் அவர்தானே?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதலாளித்துவம் 1923 வரை காத்திருக்கவில்லை. 1838இல் பிரிட்டனோடு பால்டா லிமான் வணிக ஒப்பந்தம் போட்டபோதே சுல்தானின் சந்தை திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வர 5 சதவீதம் வரி, உள்ளூர்ச் சரக்கு வெளியே போக 12 சதவீதம்! அப்புறம் கிரிமியப் போர்ச் செலவுக்காக 1854இல் முதல் வெளிநாட்டுக் கடன். 1875இல் கட்ட வழியில்லாமல் கைவிரித்தார்கள். 1881 முதல், கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதிகளே இஸ்தான்புல்லில் அலுவலகம் போட்டு உப்பு, மது, முத்திரைத்தாள் வருமானத்தையெல்லாம் வசூலித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்த நிர்வாகம் அது. இதைத் தேக்கம் என்று எப்படிச் சொல்வது? உலகச் சந்தைக்குள் கடனாளியாக நுழைந்த நாடு அது.

உங்கள் கடிதம் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது. துறைமுக நகரங்களான இஸ்மிரிலும் இஸ்தான்புல்லிலும் வெளிநாட்டு வணிகத்தில் பெரும்பங்கு கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் கையில் இருந்தது. 1915இல் ஆர்மீனியர்கள் நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய வீடு, கடை, தோட்டமெல்லாம் 'கைவிடப்பட்ட சொத்து' என்று சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளப்பட்டன. அதில் கணிசமானது முஸ்லிம் குடியேறிகளுக்கும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கும் போனது. 1922இல் கிரேக்கர்கள் பெருங்கூட்டமாகத் தப்பியோடினார்கள்; மறு ஆண்டு கிரேக்கமும் துருக்கியும் சிறுபான்மையினரை மாற்றிக்கொள்ளப் போட்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் அவர்கள் திரும்பும் வழியை அடைத்தது. குடியரசு பிறந்தபோது பழைய முதலாளி வர்க்கத்தின் பெரும்பகுதி நாட்டிலேயே இல்லை. புதிய வர்க்கத்தை வளர்த்தெடுத்தது அரசுதான். 1924இல் தொடங்கிய இஷ் வங்கிக்கு முஸ்தபா கெமாலே பணம் போட்டார். அதை நடத்தியவர் ஜெலால் பாயர்.

சரி, கெமால் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற பழைய வரியை 1925இல் ஒழித்தது விவசாயிகளுக்குப் பெரிய ஆறுதல். போருக்குப் பின் 1923இல் வல்லரசுகளோடு செய்த லொசான் சமாதான ஒப்பந்தம் சுங்க வரியை உயர்த்த விடாமல் 1929 வரை கையைக் கட்டிப்போட்டிருந்தது. அந்தக் கட்டு அவிழ்ந்ததும் வரியை உயர்த்தி, 1933இல் தொழிற்சாலைகள் நடத்தும் அரசு வங்கியான சூமர் வங்கியைத் தொடங்கி, 1935இல் சோவியத் உதவியோடு கைசெரியில் துணி ஆலை திறந்தார்கள். இது உண்மையான சாதனை. ஆனால் அவர் மறைந்த பிறகும் அந்தப் பழைய கணக்கு முடியவில்லை. 1942இல் வந்த சொத்து வரியை முஸ்லிம் அல்லாதவர்கள் மீது பல மடங்கு போட்டார்கள். கட்ட முடியாதவர்களின் கடைகள் ஏலம் போயின. பலரைக் கிழக்குத் துருக்கியிலிருந்த அஷ்காலே முகாமுக்குக் கல்லுடைக்க அனுப்பினார்கள். 1944இல் அந்த வரியை ரத்து செய்தாலும் ஏலத்தில் போன கடைகள் போனதுதான்.

நிலப்பிரபுக்கள் ஒழிந்தார்கள் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். பெரிய பண்ணைகளைப் பிரித்துக் கொடுக்க 1945இல் சட்டம் வந்தபோது எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் அத்னான் மெந்தெரஸ், அய்தின் பகுதியின் பெரிய நிலக்கிழார். அவரும் இஷ் வங்கி பாயரும் சேர்ந்து 1946இல் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். 1950 தேர்தலில் வென்று மெந்தெரஸ் பிரதமரானார், பாயர் குடியரசுத் தலைவரானார்.